‘ஆள்’ என்னும் வேரும் மலையாளி மக்களும்



ஒரு சொல்லைப் பாட்டில் வழங்குவதைத் தமிழ் ‘சொல்லாட்சி’ என்கிறது. பிறர் கூற்றை மேற்கோளாகக் கொள்வது எடுத்தாளுதல். கருவியைப் பயன்படுத்துவது கையாளுதல். நாட்டை நடத்துவதற்கும் நாவில் ஒரு சொல்லை நடத்துவதற்கும் ‘ஆள்’ என்ற வினை ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. ஆகவே, ஆட்சியையும் ஆதிக்கத்தையும் குறிக்கும் சொற்களைக் கவிஞர்கள் எவ்வாறு ஆளுகின்றனர் என்பது இம்மொழியில் தவிர்க்கவியலாத வினா.

அடக்கியாளுதல் ஒன்றே இவ்வேரின் பொருளன்று. உடைமை, பயன்பாடு, பேணுதல், முயற்சி ஆகிய பொருள்களும் அதனுள் அடங்கும். முயற்சியைக் கூற வந்த வள்ளுவர் ‘ஆள்வினையுடைமை’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பிறர்க்கு உதவுதலை ‘வேளாண்மை’ என்றார். ஆள் என்பதோடு ‘மை’ சேர்ந்த ‘ஆண்மை’ பின்னாளில் ஒரு பாலுக்கே உரியதாகச் சுருங்கியது தனி வரலாறு. அதனை இங்கே விரிக்க இடமில்லை. ‘ஆளி’ என்னும் ஈறோ இன்னும் வேடிக்கையானது. முதலாளி முதலை ஆள்கிறான், சரி. கடனாளி எதை ஆள்கிறான்? கடன்தான் அவனை ஆள்கிறது. தொழிலாளி, நோயாளி என்னும் சொற்களும் இந்த ஐயத்தை எழுப்பவே செய்கின்றன.

இந்த ஐயம் ஒரு மக்கட்பெயரின்மேலேயே படிந்திருப்பதைக் காணச் சேர்வராயன் மலைக்குச் செல்ல வேண்டும். ஏற்காட்டு வட்டத்தில் மாரமங்கலம் ஓர் ஊராட்சி. ‘மங்கலம்’ என்ற ஈறு சோழ, பாண்டியர் கல்வெட்டுகளில் அரசர் கொடையாக அளித்த ஊர்ப்பெயர்களில் மிகுதி. ஆயினும் ஈற்றை மட்டும் பற்றிக்கொண்டு மலைமேல் ஒரு மன்னனை ஏற்றிவிடுவது ஆராய்ச்சியாகாது. அரசன் வேண்டுமெனில் மலையின் பெயரிலேயே இருக்கிறான்: 5,326 அடி உயரத்துச் சிகரத்தின் குகைக்கோயிலில் வழிபடப்பெறும் சேர்வராயன். ‘ராயன்’ அரசனே.

அவ்வட்டாரத்து மலையூர்களில் பெருந்தொகையாக வாழ்வோர் மலையாளி மக்கள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்தம் மொழி தமிழ். காஞ்சியிலிருந்து வந்து மலையேறிய உடன்பிறந்தோரின் வழியினர் தாம் என்பது இவர்கள் வழங்கும் கதை. ‘மலையாளி’ என்றால் மலையை ஆள்பவர். ‘காராளர்’ என்ற மற்றொரு பெயரும் இவர்களுக்கு உண்டு, காரை, அதாவது மழைமேகத்தை ஆள்பவர். ஒரு மக்களுக்கு இருபெயர், இரண்டிலும் ஆட்சி. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு எனத் தம் மலையையும் அவர்கள் நாடுகளாகவே பகுத்தனர். அந்நாடுகளில் பட்டக்காரர், மூப்பர் முதலிய பதவிப்பெயர்கள் வழங்கின. சமவெளியில் ‘நாடு’ என்பது பேரரசுகளையும் கடந்து பெருநிலமாக விரிந்துவிட்டது. மலையிலோ ஒருவரையொருவர் அறிந்த ஊர்களின் தொகுதியாக, கல்வெட்டுக்கால அளவிலேயே நின்றது.

இப்பெயர்களின்மேல் வேறு பெயர்கள் வந்து ஏறின. சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காப்பி பயிரிடச் செய்தார். அவரைத் தொடர்ந்து தோட்டமும் துரையும் வந்தனர். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் ‘ரிசர்வ்’ காடுகளை வகுத்தது. தமிழில் அது ‘காப்புக்காடு’ ஆயிற்று. காப்பு என்னும் சொல்லில் அன்னையின் கையும் கோயிலின் மஞ்சட்கயிறும் தோன்றுகின்றன. தலைமுறைகளாகப் புழங்கிய காட்டில் விறகெடுக்கவும் மாடு மேய்க்கவும் இசைவு கேட்டு நிற்கும் நிலை தோன்றுவதில்லை. வன்மையான ஆட்சி மென்மையான சொல்லில் குடியிருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

‘ஆள்’ என்பதற்குப் பெயர்ச்சொல் வழக்கும் ஒன்றுண்டு. ‘இன்றைக்கு எத்தனை ஆள்?’ என்று தோட்டத்தில் கேட்கும்போது அச்சொல் கூலிக்கு நிற்கும் உடலையே சுட்டும். மலையை ஆள்பவர் என்று பெயர் தாங்கியவர், காப்பித் தோட்டத்துப் பேரேட்டில் ‘ஓர் ஆள்’ என்று எழுதப்பட்டார். எழுத்து மாறவில்லை, வினை பெயராக நின்றது, அவ்வளவே.

மேலே சொன்ன ‘கலெக்டர்’ என்னும் சொல்லும் நோக்கற்பாலது. ஆங்கிலத்தில் அது வரி தண்டுபவரையே குறித்தது. குடியரசுக் காலத்தில் நாம் அதனை ‘ஆட்சியர்’ எனப் பெயர்த்தோம். தண்டலரை ஆள்பவராக உயர்த்தியது வெள்ளையரன்று, நம் தமிழ்ப்பற்று.

இன்றைய கவிதைகளில் ‘ஆதிக்கம்’, ‘அதிகாரம்’ என்னும் இருசொற்களும் மலிந்துள்ளன. சினம் நேரியதே. எனினும் ‘ஆதிக்கம்’ என்று எழுதியவுடன் ஆள்பவர் யார், எந்தத் தாளைக் கொண்டு, எந்த நிலத்தை என்பன மறைந்துபோகின்றன. ‘துரை’, ‘பட்டா’, ‘காப்புக்காடு’, ‘ஆள்’ என்னும் சிறுசொற்கள் அவற்றை மறைப்பதில்லை. வசைச்சொல்லாகவே பழகிய ‘அதிகாரம்’ தொல்காப்பிய உரைகளில் ‘முறைமை’ என்று பொருள்படுவதையும் கவிஞர் நினைவிற் கொள்வது நன்று. முறைமை பிறழ்ந்த இடத்தைச் சுட்ட அப்போது அச்சொல்லே உதவும்.

மாரமங்கலம் ‘ஊராட்சி’ என்றோமன்றோ? அச்சொல்லிலும் ஆட்சி உண்டு. ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் பழங்குடியினரின் கிராமசபைக்கு நிலம், காட்டு விளைபொருள் குறித்துச் சில உரிமைகளை 1996-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் வழங்கிற்று. தமிழ்நாட்டில் எந்த மலையும் அவ்வட்டவணையில் இல்லாமையால் அச்சட்டம் இங்கே ஏறவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே இங்குள்ளோர்க்கு வாயில். பழங்குடிப் பட்டியலிலோ ‘மலையாளி’ என்ற பெயர் தனித்து நிற்பதில்லை; சேலம், தருமபுரி, வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என மாவட்டப் பெயர்களின் துணையோடு நிற்கிறது. பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லை. அதனால் ஈரோட்டுப் பர்கூர் மலையில் அதே பெயரோடு வாழ்வோர், தாமும் மலையாளிகளே என்று நெடுங்காலமாக மனு எழுதி வந்துள்ளனர். அம்மனுக்களின் முகவரி: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.