ஒரு பிள்ளைக்குப் பல வைத்தியர்
(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமய மன்றத்து மேடையில் வைத்தியசாலைப் பேச்சு எதற்கென்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நோயுற்ற பிள்ளையோடு இரவு பஸ்ஸில் வரும் உறவினருக்கு, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாய் விரித்துக் கொடுத்து, விடிந்ததும் பொரளைக்கு வழி சொல்லி அனுப்புபவர்கள் நாம். வழி சொன்னதோடு எமது கடமை முடிந்ததா என்பதே இன்றைய கேள்வி.

காய்ச்சலென்றால் ஒரு வைத்தியர் போதும். டவுண் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளைக்கு அப்படியில்லை. அத்தகைய பிள்ளைகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு இதயத்திலும் குறையுண்டு. தைரொயிட் சுரப்பி மந்தப்படலாம். காதும் கண்ணும் குறைபடலாம். நடையும் பேச்சும் பிந்தும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளினிக், ஒரு நாள், ஒரு துண்டு, ஒரு வரிசை. பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் நிபுணர்கள் இருக்கிறார்கள், கட்டணமுமில்லை. இது இந்நாட்டின் பெரும் பேறு. ஆனால் அத்தனை பேரையும் இணைக்கும் நூல் யார் கையில் இருக்கிறது? தாயின் கையில், ஒரு பொலித்தீன் பைக்குள்!

நாங்கள் படித்த மிஷன் பாடசாலையில் பாடத்துக்கொரு ஆசிரியர் வந்து போவார். இடாப்பை வைத்திருந்தவரோ வகுப்பாசிரியர் ஒருவரே. இப்பிள்ளைகளுக்கு வேண்டியது அத்தகைய வகுப்பாசிரியர். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தார் 1967இல் ‘மருத்துவ இல்லம்’ என்றொரு கருத்தை வெளியிட்டனர். பெயர்தான் பெரிது. நாட்பட்ட நோயுள்ள பிள்ளையின் பதிவுகள் யாவும் ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்பதே அன்று அவர்கள் கருதியது. றாகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சார்ந்த ‘ஆயதி’ நிலையம், குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பல்வகைச் சிகிச்சைகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை.

பதிவு ஓரிடத்தில் இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும்? வலிப்புக்குக் காபமசெப்பின் எடுக்கும் பிள்ளைக்குத் தொண்டை நோவென்று, விஷயம் தெரியாத வேறொருவர் எரித்திரோமைசின் கொடுத்தால், முதல் மருந்து இரத்தத்தில் அளவு மீறி ஏறும். பிள்ளை தள்ளாடும், சோர்ந்து விழும். இரண்டும் நல்ல மருந்துகள். கொடுத்த இருவரும் நல்ல வைத்தியர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் காணவில்லை, அவ்வளவுதான். இதயக் குறையுள்ள சில பிள்ளைகளுக்குப் பல் பிடுங்குமுன் கிருமிநாசினி மருந்து கொடுக்கவேண்டும். அதைப் பல் வைத்தியரிடம் யார் சொல்வது?

எம்மவருக்கு மொழித் தடை வேறு. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. சட்டம் கிளினிக் வாசலுக்கு வந்து சேர நாட்செல்லும் போலும். சிங்களம் விளங்காத தாய் தலையை ஆட்டிவிட்டு வருகிறாள். அரைக் குளிசை இரு வேளையா, ஒரு குளிசை ஒரு வேளையா என்ற ஐயம் வீட்டுக்கு வந்தபின்தான் பிறக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். அத்தகைய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் எம் அங்கத்தவர் ஒருவர் துணை நிற்கட்டும். எண்பது பக்கக் கொப்பியொன்றின் முதற்பக்கத்தில் நோய்களின் பெயர், மருந்தும் அளவும், பிள்ளையின் நிறை, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை வைத்தியரைக் கேட்டே எழுதட்டும். பிள்ளை வளர, மருந்தின் அளவும் மாறும்; முதற்பக்கத்தையும் மாற்றவேண்டும். அடுத்து, “ஐயா, எல்லாவற்றுக்கும் முதலில் யாரைக் கேட்பது?” என்று நிபுணரிடமே கேட்டு அந்தப் பெயரையும் குறிக்கட்டும். வைத்தியர் சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பதே எம் வேலை. எம் சொந்தப் புத்தியைச் சேர்ப்பதல்ல. பதின்ம வயதில் பிள்ளை பெரியவர்களின் வைத்தியசாலைக்கு மாறும்போது, அங்கே அவனை அறிந்தவர் எவருமிலர். அந்தக் கொப்பியே அவனுக்குச் சாட்சி.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். நேர்த்தி வையுங்கள், அருச்சனை செய்யுங்கள். ஆனால் வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். கஷாயம் கொடுத்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அக்காளின் கல்யாணப் பேச்சுக் குழம்புமென்று பிள்ளையை உள்ளறையில் மறைக்கும் வீடுகள் எம்மிடையே உண்டு. அவ்வீட்டுக் கதவைத் தட்ட இளைஞரால் முடியாது, உங்களால் முடியும்.

சிங்களம் நன்றாகப் பேசக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். கிளினிக் வரிசை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். நித்திரைப் பிரியர்கள் யோசித்துக் கொடுக்கவும்.