உளியில் உள்ள எழுத்து



1898-ல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. நெரிசலான பழைய பேட்டையை விட்டு மக்கள் வெளியேறினார்கள். அதன் பிறகுதான் மல்லேஸ்வரத்தில் வீடுகள் பெருகின. பல ஓட்டு வீடுகள். ஜன்னலுக்கு மேலே அழகான மரக் கூரை முகப்பு இருக்கும். அதற்கு 'மங்கி டாப்' என்று பெயர். இவற்றைத் தச்சர்கள் உளியும் இழைப்புளியும் கொண்டு கையாலேயே செய்தார்கள்.

அந்த வீடுகளில் பல இன்று இல்லை. அடுக்குமாடிகள் வந்துவிட்டன. பழைய கதவுகளை வாங்கிப்போக ஆள் உண்டு. அந்தக் கதவுகளைச் செய்த கருவிகள் என்ன ஆகின்றன?

தச்சர் ஒருவர் காலமாகிறார். மகனுக்கு வேறு வேலை. கருவிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் துருப்பிடிக்கிறது. ஒரு நாள் பழைய இரும்பு வாங்குபவர் தெருவில் வருகிறார். தராசில் வைக்கிறார். உளிக்கும் உடைந்த கீலுக்கும் ஒரே விலை!

"இரும்பு எல்லாம் ஒண்ணுதாம்மா" என்கிறார். பெட்டி போய்விடுகிறது.

பிறகு அதே உளி சிக்பேட்டைப் பக்கம் சண்டே பஜாரில் கிடக்கும். அங்கே அதை யாரும் எடை போடுவதில்லை. வேலை செய்யும் தச்சரும் பழைய கருவி சேகரிப்பவரும் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

முதலில் எழுத்தை. துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தால் துருவுக்கு அடியில் எழுத்து தெரியும். ஆங்கில எழுத்தாக இருந்தால் படித்த பிள்ளை யாரிடமாவது காட்டலாம். 'ஷெஃபீல்டு' என்பது இங்கிலாந்தில் எஃகுக்குப் பேர்போன ஊர். 'காஸ்ட் ஸ்டீல்' என்று இருந்தால், அது மூசையில் உருக்கிய எஃகு. இது ஏதோ வெள்ளைக்காரர் வித்தை என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மூசையில் எஃகு உருக்கினார்கள். கன்னடத்தில் எஃகுக்கு 'உக்கு' என்று பெயர்.

'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் காலம் சொல்வது எளிது. 1949 முதல் 1990 வரைதான் அந்தப் பெயரில் நாடு இருந்தது.

இரும்பு இழைப்புளியில் எண் இருக்கும். அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனி இழைப்புளியில் 4 என்றால் நீளம் சுமார் 10 அங்குலம். 5 என்றால் 14 அங்குலம். சிலவற்றில் 1910-ஆம் ஆண்டைக் குறிக்கும் தேதியும் இருக்கும். "நூறு வருஷத்துப் பழசு" என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். நம்பிவிடாதீர்கள். அது காப்புரிமை வாங்கிய ஆண்டு. கருவி அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம்.

எழுத்து மட்டும் போதாது. உளியின் முனைக்கு அருகே அரத்தால் லேசாகத் தேய்க்க வேண்டும். அரம் வழுக்கினால் எஃகு கெட்டி. கடித்தால் மிருது, கூர் நிற்காது. பழைய உளிகள் சிலவற்றின் சரிவில் ஒரு மெல்லிய கோடு தெரியும். அதை விரிசல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மிருதுவான இரும்போடு கெட்டி எஃகைச் சேர்த்த இடம் அது. நல்ல வேலை!

இழைப்புளியில் அலகு வெளியே வரும் வாயைப் பார்க்க வேண்டும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதில் ஏமாந்தால் காசு போச்சு.

பிடியையும் பாருங்கள். சில பிடிகளில் ஓர் எழுத்து குத்தியிருக்கும். பலர் கூடி வேலை செய்யும் இடத்தில் கருவி மாறாமல் இருக்கத் தச்சர் போட்ட அடையாளம். சிலவற்றில் ஆயுத பூஜையில் வைத்த சந்தனத்தின் கறையும் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் இவற்றைத் தேய்த்து அழிப்பதில்லை.

வாங்கிய உளியைச் சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். சூடேறி முனை நீலமானால் எஃகின் கெட்டி போய்விடும். அந்த நீலப் பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தால்தான் மறுபடி கூர் நிற்கும்.