வகுப்பறையும் மாணாக்கர் ஒழுக்கமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், பரிசளிப்புக்கு முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்திருக்கின்றனர். கல்வியின் பெருமையை இச்சபையில் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். அப்பெருமையை அறிந்தன்றோ நம் முன்னோர் பொருள் திரட்டினர். பள்ளிக்கு நிலம் ஈந்தனர். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விடுதி அமைத்தனர்? ஆதலின் பெருமையை விடுத்து, கண்ணெதிரே இருந்தும் நாம் கவனியாத ஒன்றைப் பற்றியே பேச எண்ணுகின்றோம். அது வகுப்பறை.

ஒரு பிள்ளை படிக்கவில்லையென்றால் "அவன் புத்தி அவ்வளவுதான்" என்கிறோம். முரண்டு செய்தால் "அவன் சுபாவம் அப்படி" என்கிறோம். பயிர் வெளுத்தால் எந்த உழவனும் பயிரைத் திட்டுவதில்லை. வரப்பில் நின்று, தண்ணீர் எங்கே தேங்கியது, எங்கே பாயவில்லை என்று பார்க்கின்றான். அப்பார்வை பிள்ளைகள் விஷயத்தில் நமக்கு ஏன் வருவதில்லை? வகுப்பில் பிள்ளை எங்கே உட்கார வைக்கப்படுகின்றான், என்ன பெயரால் அழைக்கப்படுகின்றான், விடை சொல்ல அவனுக்கு எவ்வளவு அவகாசம் தரப்படுகின்றது என்னும் சிறு காரியங்களே அவனுடைய படிப்பையும் ஒழுக்கத்தையும் பெரிதும் ஆக்குகின்றன என்பது நம் துணிபு.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். அதன் சிறப்பை முதலில் சொல்லுதல் முறை. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே வழக்கமாயிருந்தது. சென்னைப் பட்டணத்தில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் கொண்டார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை 1797ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். அம்முறை 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்தில் பரவிற்று.

அதன் குறையையும் மறைத்தல் தகாது. பல்லாரி ஜில்லாவின் கலெக்டராயிருந்த காம்பெல் என்பார் 1823ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையில் ஒரு வழக்கத்தைக் குறித்திருக்கின்றார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் மரியாதைக்கு அடையாளமாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லையென்று ஒரு சுழி. மூன்றாவது வருபவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காவது வருபவனுக்கு இரண்டு. அதன்பின் வருவோருக்கு ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும்.

சீக்கிரம் வரும் பழக்கத்திற்கு இது நல்ல உபாயமென்று தோன்றலாம். ஆனால் சற்று எண்ணுங்கள். எல்லாப் பிள்ளைகளும் விடியுமுன் எழுந்து ஓடிவந்தாலும் கடைசியில் வருபவன் ஒருவன் இருந்தே தீருவான். பள்ளிக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சரஸ்வதி; மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு ஊர்க்கோடியிலிருந்து வரும் பிள்ளைக்கு அடி. நாள்தோறும் அடிபடும் அப்பிள்ளை சில மாதங்களில் தன்னைச் சோம்பேறியென்றே நம்பத் தொடங்குவான். பிறகு பள்ளிக்கு வராமலே நின்றுவிட்டால், "படிப்பில் நாட்டமில்லை" என்று நாம் தீர்ப்புக் கூறுவோம். ஏற்பாடு செய்த குற்றத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது இதுவேயாம்.

அந்தப் பிரம்பு இன்று சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பதினேழாவது பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை வருத்துவதையும் ஒருங்கே தடுத்திருக்கின்றது. அடிப்பது ஓரளவு குறைந்தது; மனத்தை வருத்துவது குறைந்ததா? "மக்கு" என்னும் ஒரு சொல் பிரம்பைவிட நெடுநாள் வலிக்கும் என்பதை இங்குள்ள பெரியோர் பலர் தம் இளமையை நினைத்து உணர்வர்.

உபாத்தியாயரின் எண்ணமே பிள்ளையின்மேல் வேலை செய்கின்றது. அமெரிக்க நாட்டில் ரோஸெந்தால், ஜேக்கப்ஸன் என்னும் இருவர் ஓர் ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குறிப்பிட்டு, "இவர்கள் இவ்வாண்டு நன்கு முன்னேறுவார்கள்" என்று உபாத்தியாயர்களிடம் கூறினர். உண்மையில் அப்பெயர்கள் சீட்டுக் குலுக்கியதுபோல் எடுக்கப்பட்டவையே. ஆண்டிறுதியில், கீழ்வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவரினும் மேம்பட்டிருக்கக் கண்டு, 1968ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டனர். அப்பயன் அவர்கள் சொன்ன அளவு பெரிதன்று என்று பின்வந்த அறிஞர் பலர் வாதித்திருக்கின்றனர். ஆயினும் முகக்குறிப்பும் குரலும் பிள்ளைக்குப் பாடமாகின்றன என்பதை வகுப்பில் நின்றவர் எவரும் மறுக்கமாட்டார்.

மற்றொன்று இன்னும் எளியது. மேரி பட் ரோ என்னும் அம்மையார் வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட உபாத்தியாயர் விடைக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடியளவே! அதனை மூன்று விநாடியாக நீட்டியபோது பிள்ளைகளின் விடை நீண்டது, பேசாதிருந்தோர் பேசினர், "தெரியாது" என்பது குறைந்தது. இரண்டு விநாடிக்குச் செலவென்ன? ஒரு காசும் இல்லை. ஆனால் அவ்விரண்டு விநாடி கிட்டாமையால் ஊமையாய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்!

இனி நாமே செய்த ஒரு பிழையைச் சபையின் முன் ஒப்புக்கொள்ளுகின்றோம். நாம் உபாத்தியாயராயிருந்த காலத்தில், ஆண்டுதோறும் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பும் நாளில், வகுப்பில் நின்று ஒவ்வொரு சாதிப் பிரிவின் பெயரையும் உரக்கச் சொல்லி, அப்பிரிவார் எழுந்து நிற்குமாறு கூறுவது வழக்கம். வேலை விரைவில் முடியவேண்டுமென்பது தவிர நமக்கு வேறு எண்ணமில்லை. ஓராண்டு, கணக்கில் யாவர்க்கும் முன்னே கைதூக்கும் பிள்ளை ஒருவன் அன்று எழுந்து நின்றான். மற்றவர் திரும்பிப் பார்த்தனர். பிறகு பல நாள் அவன் கை உயரவில்லை. "ஏனப்பா?" என்று கேட்டோம். "ஒன்றுமில்லை ஐயா" என்றான். அந்த 'ஒன்றுமில்லை'யின் பொருள் நமக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன.

அதனை விளக்கிய ஆராய்ச்சி நம் நாட்டிலேயே நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இருவர் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில், உயர்ந்ததெனப்படும் சாதிகளிலிருந்து 321 சிறுவர், தாழ்ந்ததெனப்படும் சாதிகளிலிருந்து 321 சிறுவர், ஆக 642 பேருக்குத் தாளில் வரைந்த புதிர்வழிகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் செய்தனர். சாதியைச் சொல்லாதபோது இருதிறத்தாரும் ஏறக்குறைய ஒப்பவே செய்தனர். அனைவர் முன்னும் சாதியைப் படித்துக் காட்டியபின், தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவரின் திறம் கண்கூடாகக் குறைந்தது. புத்தி அதே புத்தி. புதிரும் அதே மாதிரிப் புதிர். இடையில் புகுந்தது ஒரு சொல்லே. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வுண்மையைப் படித்தபோது, கை உயர்த்தாத அப்பிள்ளையின் முகம் நம் கண்முன் வந்து நின்றது.

நம் தமிழ்நாட்டு அரசாங்கம், பள்ளிப் பிள்ளைகளிடையே சாதிப் பூசலைத் தடுக்க வழிகாண அமைத்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருத்தலாகாது. பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கவேண்டும். மணிக்கட்டில் வண்ணக் கயிறு கூடாது என்பன அதன் யோசனைகளுட் சில. குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் இதனைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை. குலாபிமானம் என்பது நம் பிள்ளைகளுக்குப் படிப்பும் பண்பும் தேடிக்கொடுப்பது. அதைக் கயிறாகத் திரித்துச் சிறுவன் கையில் கட்டினால், அடுத்த பெஞ்சிலிருப்பவன் அவனுக்குத் தோழனாவதற்குமுன் பகைவனாகிவிடுகின்றான். அந்தப் பகை பாடத்தையும் தின்றுவிடும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்குச் சென்று "எத்தனை மார்க்கு?" என்று மட்டும் கேளாதீர்கள். "என் பிள்ளை எங்கே உட்காருகின்றாள்? கேள்வி கேட்கின்றாளா?" என்றும் கேளுங்கள். வீட்டிலிருந்து பிள்ளையின் கையில் புத்தகம் போகட்டும், கயிறு போகவேண்டாம்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இன்னும் சிறிது நேரத்தில் இம்மேடையில் உதவித்தொகை பெறுவோர் பெயர்கள் வாசிக்கப்படவிருக்கின்றன. "இன்ன ஊர், இன்னாருடைய மகன், தகப்பனாரை இழந்தவன், மிகவும் ஏழை" என்று வாசிப்பதும், பிள்ளை தலைகுனிந்து வந்து உறையை வாங்குவதும், நாம் கைதட்டுவதும் ஆண்டாண்டாக நடந்துவருகின்றன. வழங்குவோரின் அன்பில் குறையில்லை. ஆயினும் வகுப்பறையில் நாம் செய்த பிழைக்கும் இதற்கும் என்ன பேதம்? அப்பிள்ளையின் பள்ளித் தோழர்களும் இச்சபையில் இருக்கின்றனரே!

வழங்கிய வள்ளல்களின் பெயர்களை உரக்க வாசியுங்கள், அது தகும். பரிசு வென்ற பிள்ளைகளை மேடைக்கு அழையுங்கள், அதுவும் தகும். உதவி பெறும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் காரியதரிசியின் பையிலேயே இருக்கட்டும். தொகை பெற்றோரின் வங்கிக் கணக்குக்குச் சென்று சேரட்டும். இன்றைக்கே இவ்வழக்கத்தைத் தொடங்கினால், தலைகுனிந்து மேடையேறவேண்டிய பிள்ளைகள் நாளைக் காலையில் தலைநிமிர்ந்து வகுப்பில் நுழைவர். கேள்வி வந்தால் கைதூக்குவர்.