ஒரே வட்டில் இரு குடித்தனம்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் குடியேற்றி, இயந்திரம் உயிர்பெறும் வேளையில் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் வழக்கம் மாணவரிடையே சகஜமாகிவிட்டது. ஆயினும் ஒரு குடித்தனத்தில் வைத்த கோப்பை மறு குடித்தனத்திலிருந்து எடுத்தாளுவது தனியொரு வித்தை என்பதே என் அபிப்பிராயம்.

விண்டோஸ் என்.டி. 1993-இல் கொண்டுவந்த என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு அடுக்குமுறையின் உள்விவரங்களை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிடாத நிலையிலும், வட்டில் பதிந்திருப்பதையே துருவித் துருவி ஆராய்ந்து, அதில் எழுதவும் வல்ல என்.டி.எஃப்.எஸ்-3ஜி என்ற நிரலை 2007-இல் பக்குவப்படுத்திய லினக்ஸ் அன்பர்களின் பிரயாசையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். விண்டோஸோ அந்த உபசாரத்தைத் திருப்பிச் செய்யவில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 அடுக்குமுறையில் அமைந்த வட்டுப் பகிர்வு எதிர்ப்பட்டால், சில சமயம், 'ஃபார்மட் செய்யலாமா?' என்றே கேட்டுவிடுகிறது. அவசரத்தில் 'ஆம்' என்று சொடுக்குபவரின் கதி என்ன!

இதனினும் நுட்பமான சங்கடம் ஒன்றுண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்ததும் திரை அணைந்து விசிறி ஓய்ந்தாலும், அடுத்த முறை விரைந்து எழுவதற்காக அது தன் உட்கருவின் நிலையை வட்டில் எழுதிவைத்து உறங்குகிறதேயன்றி முற்றிலும் விடைபெறுவதில்லை. அந்நிலையில் லினக்ஸ் விண்டோஸின் பகிர்வைப் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும்; பிடிவாதமாய்த் திறந்து எழுதினாலோ, விழித்தெழும் விண்டோஸ் பழைய கணக்கையே மெய்யென்று நம்பி, புதிதாய் எழுதியதைக் குலைத்துவிடக்கூடும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற அவ்வசதியை நிறுத்திவிடுவது உத்தமம்; அதற்கு மனமில்லாதவர்கள் 'ரீஸ்டார்ட்' கொடுத்து லினக்ஸுக்குள் செல்லலாம், ஏனெனில் அப்போது விண்டோஸ் முழுமையாக மூடிக்கொள்கிறது.

பெயரிடுவதிலும் ஜாக்கிரதை வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு. விண்டோஸுக்கு வழக்கமாய் ஒன்றே. தமிழில் பெயரிடுபவர்களுக்கு அந்தத் தொல்லையில்லை. ஆனால் '10:30 கூட்டம்' என்று லினக்ஸில் பெயரிட்ட கோப்பை, நடுவிலுள்ள முக்காற்புள்ளியின் நிமித்தமாக விண்டோஸ் திறக்காது.

பொதுப் பகிர்வு ஒன்றை ஒதுக்குவதே சௌகரியம். அதற்கு 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காத ஃபேட்32 உதவாது. எக்ஸ்ஃபேட்டை இரண்டும் படிக்கும். ஆனால் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஏற்பாடு அதில் இல்லாமையால், எழுதும் தறுவாயில் மின்சாரம் நின்றால் சேதமுண்டாகும் அபாயம் அதிகம். ஆகவே என்.டி.எஃப்.எஸ். பகிர்வையே நான் சிபாரிசு செய்வேன். படமும் பாட்டும் கட்டுரையும் அங்கிருக்கட்டும், லினக்ஸின் சொந்த அமைப்புக் கோப்புகள் எக்ஸ்ட்4-இலேயே இருக்கட்டும்.