கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த புழுக்கள்

(ஓசூரில் நம் அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் புழுக்களைப் பற்றிப் பேசுவதைப் பொறுத்தருள வேண்டும். தொழிற்சாலைப் பணியின் பொருட்டு ஓசூரில் குடியேறிய நம் இல்லங்கள் சிலவற்றில் இன்று கடல்நீர் மீன் தொட்டி இருக்கிறது. எங்கள் வீட்டிலும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரை ஆர்.ஓ. எந்திரத்தில் வடித்து, கடலுப்பைக் கரைத்து, கடலில்லா ஊரில் என் மகன் ஒரு சிறு கடலை அமைத்தான். அதில் இரண்டு கோமாளி மீன்களும் சிறிது மென்பவளமும் இருந்தன. கல்பவளம் வாங்கவில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக வெட்டி அழிக்கப்பட்ட அவ்வுயிர்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

ஓர் இரவு கைவிளக்கை அடித்துப் பார்த்தபொழுது, பாறை இடுக்குகளிலெல்லாம் இளஞ்சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. வேறொருவரின் பழைய தொட்டியிலிருந்து வாங்கிய செயற்கைப் பாறையோடு அவை வந்திருந்தன. மறுநாள் மகன் மருந்துப் புட்டியோடு வந்தான். என் தாயார் அவன் கையைப் பற்றிக்கொண்டார். "ஈரறிவுயிர், அப்பா. வேண்டுமென்றே கொல்லலாமா?" என்றார். பல கடற்புழுக்களுக்குக் கண்ணும் உண்டு என்று மகன் விலங்கியல் பேசினான். "அப்படியானால் பாவம் இன்னும் கூடுமே!" என்றார்.

அந்தத் தடையால் நன்மையே விளைந்தது. பிரிஸ்டில் வொர்ம் எனப்படும் இம்மயிர்முட்புழுக்களில் பெரும்பாலானவை எச்சிலுணவையும் அழுகலையும் உண்டு தொட்டியைத் துப்புரவு செய்பவை. எஞ்சும் தீவனம் மிகுந்தால் அவையும் மிகும். மருந்திட்டு ஒரே நாளில் கொன்றால் அத்தனை உடல்களும் அழுகி நீரைக் கெடுக்கும். செந்நிறத் தட்டைப்புழுக்களோ சாகும்பொழுது நஞ்சையே கக்கி, மீன்களையும் மாய்த்துவிடும்.

எல்லாப் புழுக்களும் சாதுவானவை என்று சொல்லமாட்டேன். 2009இல் இங்கிலாந்தின் நியூகே கடல்வாழ் காட்சியகத்தில் இரவுதோறும் பவளம் துண்டாயிற்று, மீன்கள் காயமுற்றன. காட்சித் தொட்டியைப் பிரித்துப் பார்த்தபொழுது ஏறத்தாழ நான்கடி நீளமுள்ள புழு அகப்பட்டது. அவர்களும் அதைக் கொல்லாமல் தனித் தொட்டிக்கு மாற்றினர்.

நாங்கள் தீவனத்தைக் குறைத்தோம். மீன்களைப் பட்டினி போடுவதும் தகாது. ஊண் மறுத்தல் கொல்லாமை விரதத்திற்கு நம் நூல்கள் கூறும் ஐந்து குற்றங்களுள் ஒன்று. ஆகவே இரண்டு நிமிடத்தில் உண்ணும் அளவே இட்டு, மிஞ்சியதைக் குழாயால் உறிஞ்சினோம். ஒரு சிறு புட்டியில் துளையிட்டு, உள்ளே தீவனம் வைத்து இரவில் இறக்கினால், காலையில் நாலைந்து புழுக்கள் அதனுள் இருக்கும். வெறுங்கையால் எடுக்கலாகாது. முள்மயிர்கள் தோலில் ஏறி எரியும். ஏறிவிட்டால் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தெடுக்க வேண்டும்.

பிடித்தவற்றை எங்கே விடுவது? கெலவரப்பள்ளி அணையின் நன்னீரில் விட்டால் மாண்டுவிடும். சென்னைக் கடலில் விடலாமென்றால், எந்நாட்டுப் புழுவோ, அங்குள்ள உயிர்களுக்கு என்ன செய்யுமோ! ஒரு வாளிக் கடல்நீரில் பாறைத்துண்டும் காற்றுக்குழாயும் இட்டு அங்கேயே வைத்தோம். மூன்று மாதத்தில் தொட்டியில் புழுக்கள் அருகிவிட்டன.

ஆயினும் ஒரு முள் நெஞ்சில் தங்கிவிட்டது. அதே ஐந்து குற்றங்களுள் உயிரைக் கட்டி அடைத்து வைத்தலும் ஒன்று. நாம் இடும் தீவனத்திலும் மீன்மாவு கலந்திருக்கிறது. புழுவுக்கு இரங்கிய வீட்டில் இவற்றிற்கு நான் என்ன விடை சொல்வேன்? மகனிடம் இதைப் பேசினேன். இருக்கும் மீன்களை அவற்றின் ஆயுள்வரை காப்பதென்றும், இனிப் புதிய உயிர் எதையும் வாங்குவதில்லை என்றும் அவனே கூறினான். மின்சாரம் நின்றால் முதலில் எழுந்து அந்த வாளியைப் பார்ப்பவர் இப்பொழுதும் என் தாயார்தான்.