டர்பைன் ஹாலில் தொடங்கும் விபத்துகள்



அணுமின் நிலைய விபத்துகள் பற்றிய கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க, மின்பொறியியல் கற்பித்த ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, சற்றுத் தயக்கமாகவும் இருக்கிறது. அணு இயற்பியலிலும் கதிரியக்க அளவீட்டிலும் ஆழங்கால்பட்டவர்கள் எதிரே அமர்ந்திருக்கிறீர்கள். உலை எப்படி இயங்குகிறது, அயோடினும் சீசியமும் எத்தனை காலம் நிற்கும் என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ‘காரணங்களும் சூழல் விளைவுகளும்’ என்று அழைப்பிதழில் இருக்கிறது. விளைவுகளைப் பேசத் தகுதியானவர்கள் பின்னால் வருகிறார்கள். நான் பெரும்பாலும் காரணங்களோடு நின்றுகொள்கிறேன்.

நம் பாடநூல்களில் ஒரு வரிசை நிலைத்துவிட்டது. 1979 திரீ மைல் ஐலண்டு, 1986 செர்னோபில் இரண்டுக்கும் ஊழியர் தவறு காரணம். 2011 ஃபுகுஷிமாவுக்கு இயற்கையின் சீற்றம் காரணம். செர்னோபில் ஊழியர்கள்மேல் முழுப் பழியையும் போட்ட முதல் முடிவைச் சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவே 1992-இல் திருத்தி, உலையின் வடிவமைப்புக் குறைகளை முன்னுக்குக் கொண்டுவந்தது. ஃபுகுஷிமா மனிதர்களால் விளைந்த விபத்து என்று ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012-இல் எழுதியது. நம் வினாத்தாள்கள் மட்டும் பழைய விடைக்கே மதிப்பெண் போடுகின்றன.

என் வாதம் இதுதான்: உலையையே பார்த்துக்கொண்டிருந்ததில், டர்பைன் ஹாலைக் கவனிக்கத் தவறிவிட்டோம். திரீ மைல் ஐலண்டில் கோளாறு தொடங்கியது உலையில் அல்ல. டர்பைன் பக்கத்து நீரைச் சுத்திகரிக்கும் அமைப்பில். ஃபுகுஷிமாவில் டீசல் ஜெனரேட்டர்களும் மின்பகிர்வுப் பலகைகளும் பெரும்பாலும் டர்பைன் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன. கடல் நீர் புகுந்ததும் மூழ்கின. செர்னோபில் வெடிப்பு உலையின் குறையால் வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அன்றிரவு அவர்கள் நடத்திய சோதனை, நீராவி நின்ற பிறகு சுற்றி ஓயும் டர்பைனால் எவ்வளவு நேரம் மின்சாரம் தர முடியும் என்பதைப் பற்றியது. நம் கல்பாக்கத்தில் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி புகுந்த இடம் கடல்நீர்ப் பம்ப் ஹவுஸ். இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அலகைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டார்கள். அதற்காக அன்று பணியில் இருந்தவர்களை வணங்குகிறேன். ஆனால் அலை முதலில் பறித்தது குளிர்விக்கும் நீரைத்தான்.

இந்த வாதத்துக்கு இந்தியாவிலேயே பெரிய சான்று, நம் நூல்களில் ஒரு பத்தியோடு முடிந்துபோகும் நரோரா. உத்தரப்பிரதேசத்தில் கங்கைக் கரையில் உள்ள அந்த நிலையத்தின் முதல் அலகில் 1993 மார்ச் 31 அதிகாலை டர்பைனின் இரண்டு பிளேடுகள் ஒடிந்தன. சமநிலை இழந்த இயந்திரம் அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து பற்றிக்கொண்டது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ கேபிள்களுக்குத் தாவியது. பிரதான மின்சாரத்துக்கும் அவசர மின்சாரத்துக்குமான கேபிள்கள் போதிய தடுப்பின்றி ஒரே பாதையில் போயிருந்ததால் இரண்டும் சேர்ந்தே போயின. பதினேழு மணி நேரம் அந்த அலகில் மின்சாரம் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் புகை நிறைந்து ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. உலையை நிறுத்திவிட்டார்கள்; ஆனால் அது மீண்டும் உயிர்பெறாமல் இருக்க வேண்டுமே! கையில் டார்ச் விளக்கோடு சிலர் உலைக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி, போரான் கலந்த நீரை இறக்கும் வால்வுகளைக் கையாலேயே திறந்தார்கள். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளைக் கொண்டு நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமானது அல்ல. நரோரா அலகு 220 மெகாவாட். நம் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய நான்கு அலகுகளும் தலா 210 மெகாவாட். இரண்டு இடத்திலும் பெல் நிறுவன இயந்திரங்கள்தாம். ஹைட்ரஜன் கசிவு என்றால் என்ன, கேபிள் டிரேயில் தீ எப்படி ஓடும் என்று மேட்டூர் ஷிப்டு ஊழியர் எவரும் சொல்வார். அனல்மின் நிலையத்தில் அது ஒரு தீ விபத்தோடு முடியும். அணுமின் நிலையத்திலோ, நிறுத்திய பிறகும் உலை சூடு கக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை வெளியேற்றும் பொறுப்பு கேபிளுக்கும் பம்புக்கும் உரியது. ஆகவே இந்தத் துறையில் இயற்பியலாளர்களுக்கு இணையாக மேட்டூர் ஊழியர்களும் சாட்சி சொல்ல உரிமையுள்ளவர்கள்.

‘நரோராவில் கதிரியக்கம் வெளியே போகவில்லை, எனவே சூழலியல் ஆய்வில் அதற்கு இடமில்லை’ என்று நான் பெரிதும் மதிக்கும் நண்பர்கள் சிலர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். பணிவோடு மறுக்கிறேன். ஏழு நிலை கொண்ட சர்வதேச அளவுகோலில் அது மூன்றாம் நிலை. வெளியே போன அளவை வைத்து மட்டும் விபத்தை எடைபோட்டால், தப்பித்ததிலிருந்து கற்க வேண்டியதை யார் கற்பது? அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில் 1975-இல் ஒரு மெழுகுவத்திச் சுடரிலிருந்து கேபிள்கள் எரிந்தன. கேபிள்களைப் பிரித்துப் போட வேண்டும் என்ற பாடம் அன்றே உலகத்துக்குக் கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து நரோராவில் அதே பாடம் தீயோடு வந்தது.

அடுத்து, நாம் புறக்கணித்த ஓர் ஆவணம். 1993 முதல் 1996 வரை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவராக இருந்தவர் ஏ. கோபாலகிருஷ்ணன். நரோராவின் டர்பைன் பிளேடு வடிவத்தில் குறை உண்டு என்ற எச்சரிக்கை விபத்துக்கு முன்பே வந்தும் பிளேடுகள் மாற்றப்படவில்லை என்று எழுதியவர் அவர். அவர் காலத்தில், 1995-இல், நாட்டின் அணுசக்தி நிலையங்களில் சரிசெய்ய வேண்டிய சுமார் 130 பாதுகாப்புக் குறைகளை வாரியம் தொகுத்தது. அந்த அறிக்கையை வெளியிடக் கேட்டு மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்காடியது. 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 18-ஆம் பிரிவைக் காட்டி அரசு மறுத்தது. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பை ஏற்றது. கோபாலகிருஷ்ணன் மிகைப்படுத்துகிறார் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இருக்கலாம். அறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

விளைவுகள் பற்றி ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம் அவசரத் திட்டங்கள் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டம் போடுகின்றன. கல்பாக்கம் சேலத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர். நமக்கென்ன என்று இங்கே பலர் இருந்துவிடுகிறோம். செர்னோபிலிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், வேல்ஸ் மலைப்பண்ணைகளின் ஆடுகள்மேல் போட்ட கட்டுப்பாடு 2012-இல்தான் முழுமையாக நீங்கியது. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, வெளியே போட்டிருந்த வைக்கோலில் சீசியம் படிந்தது. அந்த வைக்கோல் தொலைதூரப் பண்ணைகளுக்கு விலைபோய், அதைத் தின்ற மாட்டின் இறைச்சியில் சீசியம் வந்தது. காற்று எவ்வளவு தூரம் வீசியது என்பதைவிடத் தீவன லாரி எவ்வளவு தூரம் போனது என்பதே அங்கே முக்கியமாயிற்று. வெளிமாநில மக்காச்சோளத்தை இறக்கி, முட்டையை வெளியூர்களுக்கு ஏற்றி அனுப்பும் நாமக்கல்லுக்கு இதைவிட நெருக்கமான பாடம் எது?

இரண்டு கோரிக்கைகள். இந்த அவை கலையும் முன், 1995 அறிக்கையை வெளியிடக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றித் தர வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பால், முட்டை, தீவனம் ஆகியவற்றில் இன்று இயல்பாக இருக்கும் கதிரியக்க அளவை இங்குள்ள கல்லூரிகள் சேர்ந்து ஆண்டுதோறும் எடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். இன்றைய அளவு கையில் இல்லாவிட்டால், நாளை ஒரு விபத்து நடந்தபின் எடுக்கும் அளவை எதனோடும் ஒப்பிட முடியாது.