பேதி நின்றால் நோய் நின்றதா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பெருங்குடலைப் பற்றிய விஷயம். மலத்தையும் குடலையும் பற்றிச் சபையில் பேசுவது அசிங்கம் என்று சிலர் கருதலாம். இந்தக் கூச்சத்தினால் போகிற உயிர்கள் அநேகம் என்பதால் பேசித்தான் ஆகவேண்டும்.

பெருங்குடல் ஏறக்குறைய 5 அடி நீளமுள்ள குழாய். அதன் உட்புறம் புண்ணானால் சீதமும் இரத்தமுமாகப் பேதியாகிறது. அமீபா, ஷிகெல்லா முதலிய கிருமிகளால் இது வரும். வேறு நோய்க்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் மருந்தால் குடலிலுள்ள நல்ல கிருமிகள் செத்து, கெட்ட கிருமி பெருகுவதாலும் வரும். உடம்பின் தற்காப்புச் சக்தியே தன் குடலைத் தாக்கும் அல்சரேடிவ் கொலைடிஸ் என்ற நோயாலும் வரும்.

புண் மேலோடு நின்றால் பிழைத்தோம். ஆழத்தில் இறங்கிவிட்டால், மலத்தைத் தள்ளுகிற தசை செயலற்றுப் போகிறது. குடல் காற்றடைத்த பை மாதிரி ஊதுகிறது. விஷம் இரத்தத்தில் ஏறுகிறது. டாக்டர்கள் இதை டாக்ஸிக் மெகாகோலன் என்பார்கள். எக்ஸ்ரேயில் குடல் 6 சென்டிமீட்டருக்கு மேல் அகன்றிருக்கும். காய்ச்சல் 101.5 டிகிரிக்கு மேல், நாடி நிமிஷத்துக்கு 120-க்கு மேல் என்பன 1969-ல் வகுக்கப்பட்ட அடையாளங்களில் சேர்ந்தவை.

இதிலுள்ள மோசம் என்னவென்றால், இந்த நிலையில் பேதி குறைந்துவிடக்கூடும். உடனே வீட்டார், "அப்பாடா, குணமாகிவிட்டது" என்று சந்தோஷப்படுகிறார்கள். ஏற்றம் இறைக்கிறவன் மயங்கி விழுந்தால் தண்ணீர் வராதுதான். அதனால் கிணறு வற்றிவிட்டது என்று சொல்லலாமா?

ஆகவே, இரத்தபேதியும் காய்ச்சலும் உள்ளவனுக்கு அபினி கலந்த மருந்தோ, லோபெரமைடு மாத்திரையோ கொடுத்துப் பேதியைக் கட்டாதீர்கள். தளர்ந்த குடலை அவை இன்னும் தளர்த்திவிடும். வயிறு உப்பி, காய்ச்சலடித்து, நாடி ஓடி, புத்தி தடுமாறினால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

அங்கே வாய்வழி ஆகாரத்தை நிறுத்தி, நரம்பு வழியாக நீரும் உப்புக்களும் ஏற்றி, காரணத்துக்குத் தக்க மருந்து கொடுப்பார்கள். ஓரிரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாளில் பலனில்லாவிட்டால், குடலை அறுத்தெடுத்து, சிறுகுடல் வாயை வயிற்றின் மேல் வைத்துப் பை மாட்டுவார்கள். குடல் ஓட்டையாகிவிட்டாலோ ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டார்கள். "பையா? ஊர் சிரிக்குமே!" என்று உறவினர் தாமதிப்பார்கள். பையோடு எத்தனையோ பேர் உழைத்துச் சாப்பிட்டுப் பிள்ளை வளர்க்கிறார்கள். தாமதத்தில் குடல் ஓட்டையானாலோ மலம் வயிற்றுக்குள் கொட்டும். பிறகு பிழைப்பது மிகவும் கஷ்டம்.

தாயத்துக் கட்டவேண்டும், நேர்ந்துகொள்ள வேண்டும் என்பவர்களோடு அந்த வேளையில் நான் வாதம் செய்யப்போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கட்டிக்கொள்ளட்டும். வண்டி மட்டும் நிற்கக்கூடாது.